எதிர்க்கடை தாவூத் மாஸ்டர்

தாவூத் மாஸ்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் பட்டு ரவிக்கையை வெட்டிக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். அவருடைய தங்கை மும்தாஜ்தான் போன் செய்தாள். "அக்கா, அண்ணன் மௌத்தாயிட்டாரு. டீ குடிச்சிட்டு சாஞ்சாரு, அவ்ளோதான்" என்றாள். பிறகு, "சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுக்கறாங்க. நீ வருவியா?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். போனை வைத்ததும் கத்தரியை மறுபடி எடுத்து, மிச்சமிருந்த கைப்பகுதியை வெட்டி முடித்த பிறகே எழுந்தேன். கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். துணியில் ஓடும் கத்தரியை நடுவில் எடுக்காதே, எடுத்தால் அந்த இடத்தில் ஓரம் பல் பல்லாக விழும் என்று எங்கள் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். எழுந்தேன். கட்டிங் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் அவர்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் மட்டுமே. ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பெண்களோடு வரிசையில் போய் நானும் பார்த்தேன். கஃபன் துணியில் தையல் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண் பழக்கத்தில் ஓரத்தைத் தேடியது. மடித்து அடிக்காத ஓரம். தோள் பக்கம் இரண்டு நூல் பிசிறிக்கொண்டிருந்தது. இழுத்துவிடலாமா என்று கை போனது. தொடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். பெண்கள் கபரஸ்தானுக்குப் போவதில்லை. சந்தின் முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறு வாரம் நம் தையற்கலைஞர் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். "ஞாயித்துக்கெழமை மாஸ்டருக்குக் கூட்டம் வெச்சிருக்கோம். நீங்கதான் பத்திரிகைல தையல் பக்கம் எழுதினவங்க. எதுக்க எதுக்க கடை போட்டு அடிச்சிகினு கெடந்தீங்க. உங்கள விட யாருக்குத் தெரியும்? படிக்கற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். ஒப்புக்கொண்டேன். அவர் மனதில் வைத்துக் கேட்ட கட்டுரை இது இல்லை. நடுவில் யாரும் எழுந்து போக வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தொண்ணூற்றேழில் டோல்கேட்டுக்குப் பக்கத்து மார்க்கெட் தெருவில் நான் கடை திறந்தேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள் நான். அப்பா ரயில்வே பட்டறையில் கலாசி. திருவொற்றியூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எட்டு வருடம் கட்டிங்கில் இருந்துவிட்டு, சொந்தமாக இரண்டு மிஷின் போட்டு 'வசந்தா லேடீஸ் டெய்லர்' என்று போர்டு மாட்டினேன். எதிரில் அவருடைய 'கிரௌன்' அப்போதே ஆறு வருடக் கடை. திறந்த அன்று மாலை தெருவைக் கடந்து வந்து, வாசலில் நின்றபடியே பொம்மைக்கு மாட்டியிருந்த ரோஸ் ரவிக்கையைப் பார்த்தார்.

"கட்டிங் நல்லாகீதும்மா. ஆனா கைய தூக்கினா இழுக்கும்."

"யாரு சொன்னது?"

"பாத்தாலே தெரியுதே. கைக்குழி அரை இன்ச் பத்தல."

"உங்க கடைய நீங்க பாருங்க மாஸ்டர்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் போன பிறகு திரைக்குப் பின்னால் போய் அதைப் போட்டுப் பார்த்தேன். இழுத்தது. அப்படியே பிரித்து வேறு வெட்டினேன். மறுநாள் அவர் அதைக் கவனித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கோபம் அன்றோடு தீர்ந்திருக்கும். பேசாததால் இந்த ஆளை ஜெயித்தே ஆக வேண்டும் என்பது மனதில் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் நம் பக்கத்துக்கு ஃபேஷன் வந்து சேர்ந்தது சினிமாவில்தான். வெள்ளிக்கிழமை படம் வந்தால், சனிக்கிழமையே கதாநாயகி போட்ட கழுத்தும் கையும் யார் கடைப் பொம்மையில் முதலில் ஏறுகிறதோ, அந்த சீசன் அவருடையது. நான் முதல் காட்சிக்குப் போய், நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து இருட்டிலேயே வரைவேன். ஒரு பொங்கல் படத்துக்குப் போயிருந்தபோது மூன்று வரிசைக்கு முன்னால் இன்னொரு தலை குனிந்து குனிந்து நிமிர்வதைப் பார்த்தேன். தாவூத் மாஸ்டர். இடைவேளையில் இரண்டு டீயோடு என்னிடம் வந்தார்.

"அந்த மஞ்ச பொடவ பாட்டுல பின்கழுத்து பாத்தியா?"

"பாத்தேன். சொல்ல மாட்டேன்."

"நான் கை பாத்தேன். பஃப் கை மாதிரி தெரியுதே, அது பஃப் இல்ல. உள்ள வலை வெச்சு தூக்கிக்கிறான். நீ கண்டியா?"

நான் காணவில்லை. கதாநாயகி திரும்பி நின்ற மூன்று நொடியும் என் கண் முதுகில்தான் இருந்தது. அவரோ கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் முதுகைக் கோட்டைவிட்டார். டீ ஆறுவதற்குள் நோட்டை மாற்றிக்கொண்டோம். அந்தச் சனிக்கிழமை எதிரெதிர்க் கடையில் ஒரே ரவிக்கை தொங்கியது. "ஏய், காப்பி அடிக்காத!" என்று அவர் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். "யோவ், நீ அடிச்சதுதான்யா காப்பி!" என்று நான் கத்தினேன். காய்கறி வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உங்களில் பலரும் அந்தச் சண்டைக்குச் சிரித்தவர்கள்தான்.

மூன்று வருடம் அப்படிப் போனது. எந்தப் படம் வந்தாலும் அவருக்கு முன்பக்கமும் கையும், எனக்கு முதுகு. வெளியே வந்ததும் பகிர்ந்துகொள்வோம், கடைக்குத் திரும்பியதும் அடித்துக்கொள்வோம். அடித்துக்கொண்டது எல்லாமே நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் கடை வாசலில் நான்கு ஜோடி செருப்பு கிடந்தால் என் வயிறு எரியும். என் கடையில் கூட்டம் இருந்தால் அவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். துறைமுகத்து நிலக்கரித் தூள் காற்றில் வந்து வெள்ளைத் துணியில் படியும் என்று நாங்கள் இருவருமே பொம்மைக்கு வெள்ளை மாட்டுவதில்லை. ஒருநாள் மறந்து போய் ஒரு வெள்ளைச் சுடிதாரை வெளியே தொங்கவிட்டுவிட்டு நான் பேங்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதை ஒரு பழைய லுங்கியால் சுற்றி மூடியிருந்தது. லுங்கி யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

யானைக்கவுனிப் பக்கம் லேஸும் பட்டனும் வாங்கச் சேர்ந்தே போவோம். அங்கே ஒரு கடையில், ஜரிகை லேஸைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு நாப்பது ஆவப் போவுது. மும்தாஜுக்கு ஒண்ணு பண்ணிட்டுதான் எனக்குன்னு நெனச்சிகினு இருந்தேன். அவதான் 'நீ மொதல்ல கட்டு'ன்றா. உனக்கு இஷ்டம்னா அவள உங்க வூட்டுக்கு அனுப்பறேன்."

"லேஸ் மீட்டரு எவ்ளோன்னு கேளுங்க" என்றேன். அதுதான் என் சம்மதம். அவருக்கு அது புரிந்தது.

மதம்தான் எங்கள் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்தது என்று இந்தத் தெரு இன்றும் நம்புகிறது. உண்மை வேறு. மும்தாஜ் வியாசர்பாடிக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். அவர் பக்கத்தில் ஒரு மாமா முறைத்தார், அவரை மும்தாஜே பேசிச் சரிக்கட்டினாள். என் அப்பா, "அவங்க வூட்லயும் மாட்டுக்கறி, நம்ம வூட்லயும் மாட்டுக்கறி. சோத்துல சண்ட வராது. அப்பறம் உன் இஷ்டம்மா" என்றார். அவரவர் மதத்தில் இருந்தபடியே ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவுசெய்துகொள்வது என்று முடிவானது.

எல்லாம் கூடி வந்த சமயத்தில் ஒரு மத்தியானம் என் கடையில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "கல்யாணம் ஆனப்பறம் ரெண்டு போர்டு எதுக்கு? ஒண்ணா போட்டுக்கலாமே."

"எந்த போர்டு?"

"என்னுது பழசு இல்லியா. பேரு கீது."

"அப்ப நான்?"

"நீ உள்ள கட்டிங்க பாத்துக்கோ. உன்ன மாதிரி கட்டிங் இந்த ஏரியால யாருக்கு வரும்?"

பாராட்டாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்ததோ 'உள்ள' என்ற ஒரு வார்த்தை மட்டும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் எட்டு வருடம் நான் வெட்டிக் கொடுத்ததற்கெல்லாம் வேறு ஒருத்தர் மாஸ்டர் என்று பேர் வாங்கினார். அதற்காகத்தான் அந்த வேலையை விட்டேன். அவரிடம் இதை விளக்கியிருக்கலாம். விளக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து நாள் பேசவில்லை.

அந்தப் பத்து நாள் முடிவில்தான் ராயபுரத்து ஆர்டர் வந்தது. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்திய ஒரு குடும்பம். அந்த அம்மா மூன்று வருடமாக என் வாடிக்கை. பெண்ணுக்குக் கல்யாணம். ரவிக்கைகள் அத்தனையும், வரவேற்புக்கு ஒரு லெஹங்காவும் எனக்குத்தான் என்று நம்பி இரண்டு மாதமாக டிசைன் வரைந்து வைத்திருந்தேன். ஒரு காலையில் அவர்கள் வீட்டுக் கார் 'கிரௌன்' வாசலில் நின்றது. கார் போனதும் தெருவைக் கடந்து போய்க் கேட்டேன்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"அவங்களா வந்தாங்க வசந்தா. வராதீங்கன்னு நான் சொல்ல முடியுமா?"

"சொல்லலாம்."

"நீயா இருந்தா சொல்வியா?"

தெருவைக் கடந்து திரும்பி வந்தேன். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து அந்த அம்மா சேலைகளுக்கு ஃபால்ஸ் அடிக்க என் கடைக்கு வந்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது. "மாஸ்டர்கிட்ட குடுத்துட்டேன்னு கோவமா வசந்தா? பொண்ணு ஆசப்பட்டா" என்றார். எனக்கென்ன கோபம் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். மிஷினில் ஊசியைக் கோத்தபடி, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்: "பொண்ண மட்டும் தனியா அனுப்பாதீங்கம்மா. அளவு எடுக்கற எடத்துல கொஞ்சம் கூட இருந்து பாத்துக்குங்க."

"ஏன் வசந்தா? என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்து மிஷினை மிதித்தேன். அந்த மௌனமும் நான் செய்ததுதான்.

இந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் தெரியும். தாவூத் மாஸ்டர் எந்தப் பெண்ணின் மேலும் டேப் வைத்தவர் அல்ல. திரைக்கு உள்ளே மும்தாஜ் அளவெடுத்துச் சத்தமாகச் சொல்லுவாள். அவர் வெளியே தெருவைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொள்வார். மும்தாஜ் இல்லாத நாளில் அளவு ஜாக்கெட் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். உங்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் அந்தப் பெண்ணின் அண்ணனும் அவனோடு நான்கு பேரும் வந்தார்கள். பொம்மைகளைத் தெருவில் போட்டு மிதித்தார்கள். அவர் மதத்தைச் சொல்லி, இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் ஏசினார்கள். மும்தாஜ் நடுவில் பாய்ந்து, "நான்தான்டா அளவு எடுப்பேன்! அண்ணன் தொடவே மாட்டாருடா! நான்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் அவளை உள்ளே தள்ளிவிட்டு ஷட்டரை இழுத்து மூடப் பார்த்தார். அவர்களில் ஒருவன் அந்த ஷட்டரை ஓங்கி மிதித்தான். மாஸ்டரின் வலது கை அடியில் இருந்தது. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு ஆட்டோ போகிற அகலம்தான். நான் என் வாசலிலேயே நின்றேன். தெருவைக் கடக்கவில்லை.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். கட்டை விரல் இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. சேர்ந்தாலும் மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. "வசந்தா, நீ நம்பறியா?" என்று கேட்டார்.

"இல்ல மாஸ்டர்."

"அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கையில் கட்டோடு என் கடைக்கு வந்தார். டீ வாங்கி வரச் சொன்னேன். இடது கையால் கிளாஸைப் பிடித்து வாய்க்கு வாய் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். கடைசியில் சொன்னார்: "இந்தப் பேர வெச்சிகினு நான் உன்னக் கட்டினா, உன் கடைக்கும் பொம்பளைங்க வர மாட்டாங்க. நீ கஷ்டப்பட்டு வெச்ச கடை. வேணாம் வசந்தா, உட்ரலாம்." நான் அழுதேன். மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அழும்போதே உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். இனி யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள் என்ற நிம்மதி.

அவர் வாடிக்கை எல்லாம் என்னிடம் வந்தது. பூட்டிக் கிடந்த 'கிரௌன்' இடத்தைக் கட்டட உரிமையாளர் என்னிடமே கேட்டார். அதையும் எடுத்தேன். அங்கே ரெடிமேட் சுடிதார் போட்டேன். 'இப்படி ஒருத்தன் எதிரில் இருந்தும் இந்தப் பெண் எப்படி முன்னுக்கு வந்தாள்' என்று, கண்ணால் பார்த்ததை விட்டு அந்தப் பேச்சை நம்பிய நீங்கள் என்னை மேடையேற்றிச் சால்வை போட்டீர்கள். அதைப் போர்த்திக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டர் எண்ணூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனார். தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குவது. எல்லாரும் பெண்கள், அவர் ஒருவர்தான் ஆண். கத்தரியை இடது கைக்குப் பழக்கிக்கொண்டார். அங்கே வேலை பார்த்த பெண் ஒருத்தி ஒருமுறை என் கடைக்கு வந்தபோது சொன்னாள்: "பாய் அண்ணன் பக்கத்துலன்னா நாங்க நிம்மதியா ஒக்காந்து வேல செய்வோம்கா. சூப்பர்வைசரு கத்துனாகூட எழுந்து நின்னு கேப்பாரு." அவளுக்கு நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பில் எண் தெரியவில்லை.

ஆறு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்த ராயபுரத்து அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் அதற்குள் அண்ணா நகருக்குப் போய்விட்டிருந்தார்கள். என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அன்னிக்கு நாம தப்பு பண்ணிட்டோம் வசந்தா. என் பொண்ணே சொன்னா, அவர் கிட்டகூட வரலம்மான்னு. அதுக்குள்ள பசங்க போயிட்டானுங்க. நான் மறு வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் மாஸ்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன். நீ சொன்னதையும் சொல்லிட்டேன். அவர் உன்கிட்ட கேக்கலையா?"

மறுநாள் மாலை எண்ணூர் ரோட்டுக்குப் போய் அந்தக் கம்பெனி கேட் வாசலில் நின்றேன். ஷிப்ட் விட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கடைசியில் அவர். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து வியப்படையவில்லை. எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். ரோடு முழுக்க கண்டெய்னர் லாரிகள் நகராமல் வரிசைகட்டி நின்றன.

"உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு அன்னிக்கு என் கடைக்காகன்னு சொன்னீங்க? எதுக்கு ஒரு வார்த்த கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். அந்த டீய எவ்ளோ நேரம் குடிச்சேன், ஞாபகம் கீதா? ஆறிப் பச்சத் தண்ணியா ஆவற வரிக்கும் குடிச்சேன். நீ சொல்லல."

"என்னை மன்னிப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் லாரிகளைப் பார்த்தார். "அத என்கிட்ட கேக்காத வசந்தா. மனசுல வராத ஒண்ண வந்துச்சுன்னு சொல்ல எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லு. தெருவுல சொல்லு. மும்தாஜ பாக்க வந்த மூணு மாப்புளையும் இந்தப் பேர கேட்டுதான் திரும்பிப் போனானுங்க. அவகிட்ட சொல்லு. நான் இன்னிக்கு வரிக்கும் சொல்லல. அது நீ சொல்ல வேண்டியது" என்றார்.

"சொல்றேன் மாஸ்டர்."

பஸ் வந்தது. ரோட்டுக்கு நடுவே போய் அதைக் கை காட்டி நிறுத்தினார். "பாத்து ஏறு" என்றார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் எதிர்ப்பக்கம் நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் உயிரோடு இருந்தார். இரண்டு வருடமும் நான் சொல்லவில்லை. தீபாவளி சீசன் முடியட்டும் என்று இருந்தேன், பிறகு பொங்கல், பிறகு கல்யாண மாதம். ஒருமுறை டோல்கேட் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். 'சொன்னாயா?' என்பது போல முகவாயை மட்டும் லேசாக உயர்த்தினார். நான் காலி ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டு ஏறிக்கொண்டேன். அவரை உயிரோடு நான் பார்த்தது அதுதான் கடைசி.

முந்தாநாள் மும்தாஜிடம் போய்ச் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் முடித்ததும் முறத்தோடு எழுந்து உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "இத அண்ணன் இருக்கும்போது சொல்லிருந்தா அவரு இந்தத் தெருவுல ஒரு தடவ தல நிமுந்து நடந்திருப்பாரு. அதுக்குக்கூட உனக்கு மனசு வரல இல்ல?" என்றாள். பிறகு, "கூட்டத்துல படி. எழுதினத அப்படியே படி. நான் மொத வரிசைல ஒக்காந்துகினு கேப்பேன். அதுக்கப்பறம் எங்க வூட்டுப் பக்கம் வராத" என்றாள். இப்போது அவள் முதல் வரிசையில் இருக்கிறாள்.

அவருடைய புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. அவர் மன்னித்தார் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. கேட்டும் கொடுக்காமல் போனார், அது அவருடைய நியாயம். தாவூத் மாஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அந்த டீக்கடை பெஞ்சில் அவர் எனக்குக் கொடுத்த ஒரு வேலை. அவர் இருக்கும்போது செய்திருந்தால் அதற்கு ஒரு பயன் இருந்திருக்கும். அவர் போன பிறகு செய்கிறேன். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். தாவூத் மாஸ்டர் எந்தப் பெண்ணிடமும் முறை தவறி நடந்தவர் அல்ல. அப்படி ஒரு பேச்சை இந்தத் தெருவில் கிளப்பியவள், அவரைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்த வசந்தா. நான்.